அம்மாவின் பசுவும் ரோமன் டச்சுச் சட்டமும்

எழுபதுகளின் கடைசியில், ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டகொடையில் ரயிலேறி ஹட்டனுக்கு வர்த்தக வகுப்புக்குப் போவேன்; அதில் சட்டமும் ஒரு பாடம். எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் சட்டம் படிக்கிற ஒரே பெண் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு நாள் வாத்தியார் இலங்கைச் சட்டங்களை வரிசையாகச் சொன்னார். யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை, கண்டிச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம், முஸ்லிம்களுக்கு அவர்களுடையது.

"எங்களுக்கு என்னா சட்டம் சார்?" என்றேன்.

"ரோமன் டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் விட்டுப்போனது, தனிச் சட்டம் இல்லாத எல்லாருக்கும்."

வீட்டில் சொன்னதும் அம்மாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ரோமாபுரிக்காரன் நம்ம லயத்த எட்டியாச்சும் பாத்திருக்கானா?"

அந்த ரோமாபுரிக்காரன் சீக்கிரமே தேவைப்பட்டான். கல்யாண வீடொன்றில் உற்சாகம் மிஞ்சி, அப்பா அம்மாவின் பசுவைத் தோட்டத்தின் அடுத்த பிரிவான பக்கத்து டிவிசன் கூட்டாளிக்கு விற்பதாக வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். அம்மாவுக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்த பசு அது. "மாடு போனா நானும் போறேன்" என்றாள். வெற்றிலை மாற்றிவிட்டுப் பின்வாங்கினால் அப்பா அந்த டிவிசன் பக்கம் தலைகாட்ட முடியாது. நான் வகுப்பில் விசாரித்தேன். மனைவியின் சொத்து மனைவிக்குத்தான், தனக்குச் சொந்தமில்லாததைப் புருஷன் விற்க முடியாது என்றார் வாத்தியார். வழக்கு ஜெயித்த மாதிரிதான் ரயிலேறினேன்.

அன்று மாலையே எங்கள் வாசலில் பஞ்சாயத்து. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் என் வாதத்தைப் பொறுமையாகக் கேட்டார். "சரி, அந்த வெத்தலய திருப்பிக் குடுத்துட்டா பேச்சு முடிஞ்சிரும். எங்க அது?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். கல்யாண வீட்டு வெற்றிலைதானே என்று அவர் கொண்டுவந்த அன்றைக்கே அம்மா அதைப் போட்டு மென்றுவிட்டிருந்தாள்.

"போட்டாச்சுன்னா அண்ணிக்கும் சம்மதந்தானே?" என்றார் கூட்டாளி.

"தெரியாம போட்டது சம்மதம் ஆகாது" என்று நான் பாய்ந்தேன்.

தலைவர் அப்பாவிடம் திரும்பினார். "மாடு ஒங்களோடது இல்ல. ஒங்களோடதுன்னு இருக்கிற எதையாவது குடுத்து வார்த்தைய காப்பாத்துங்க."

அப்பா நிஜமாகவே யோசித்தார். "குடியிருக்கிற லயக் காம்பரா தோட்டத்தோடது. மாட்டுப்பட்டி நெலமும் தோட்டத்தோடது. இந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இன்னும் வரல்ல. எனக்குன்னு ஒண்ணும் இல்லயே தலைவரே."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். என் சட்டம் பசுவைக் காப்பாற்றியது. அவரை ஊர் நடுவில் வெறுங்கையோடு நிறுத்திவிட்டது.

அம்மா உள்ளே போய்ப் புது வெற்றிலைத் தட்டோடு வந்தாள். "மாடு சினையா இருக்கு. பொறக்கிற கண்டு இந்தத் தம்பிக்கு" என்றவள், தட்டைக் கூட்டாளியிடம் நீட்டவில்லை. அப்பாவின் கையில் வைத்தாள்.

"கண்டு என்னோடது. வார்த்தை ஒங்களோடது. நீங்களே குடுங்க."

அப்பா இரண்டு கையாலும் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு முகவர் பாடம். ஒருவர் தந்த அதிகாரத்தில் அவருக்காக இன்னொருவர் ஒப்பந்தம் செய்யலாம் என்று வாத்தியார் பலகையில் எழுதினார். எங்கள் வீட்டில் ஒரு முகவர் இருக்கிறார் என்று சொல்ல வாய் துடித்தது. அந்த வாரமெல்லாம் அப்பா நெஞ்சை நிமிர்த்தி நடந்தது ஞாபகம் வந்தது. அவர் முகவர் என்று அவருக்குத் தெரியவேண்டாம் என்று பேசாமல் எழுதிக்கொண்டேன்.