வேதமுத்து அண்ணாச்சியின் பிறந்தநாள்

முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, வெயிலைக் கல்லின் மேல் பக்கவாட்டில் விழவைக்கிறார் வேதமுத்து. தேய்ந்த எழுத்துகள் அப்போதுதான் நிழல் கட்டி எழுந்து நிற்கும். ஈரத்துணியால் ஒருதரம் துடைக்கிறார், குனிகிறார், மூக்கு கல்லில் இடிக்கிறது. "பைய வெளிய வாங்க. எங்கன போய் ஒளிஞ்சிருக்கிய?" என்று எழுத்துகளைக் கொஞ்சுகிறார்.

சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் எல்லைக்கல் தேடி வரப்பு வரப்பாக அலைந்த மனுஷன், இப்போது பாளையங்கோட்டையின் பழைய கல்லறைத் தோட்டத்தில் கல் தேடுகிறார். கேட்டால், "உசுரோட இருக்கவன் எல்லைக்கு அடிச்சுக்கிடுவான். இங்கன உள்ளவங்க வாயே தெறக்க மாட்டாங்க. நிம்மதியான வேல" என்பார்.

அவரோடு சேர்ந்து தேடுவது, ஓய்வு பெற்றவர்கள் கூடிப் படிக்கும் ஒரு வட்டம். டீக்கடையில் வைத்த பெயர் 'பெருசுக காலேஜ்'. வாத்தியார் யாரும் கிடையாது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லவேண்டும், எல்லோரும் சேர்ந்து ஏதாவது ஒன்றை ஆராயவேண்டும். இந்த வருஷம் எடுத்துக்கொண்டது, ஐம்பதுகளில் இங்கே இறந்துபோன குழந்தைகள். எந்த மாதத்தில் அதிகம் போனார்கள், ஆற்றில் வெள்ளம் வந்த வருஷத்திலா, வறண்ட வருஷத்திலா என்று கண்டுபிடிக்கப் போகிறார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சும்மா டிவி முன்னால் உட்கார்ந்து கொட்டாவி விடுவதற்கு இது ஆயிரம் மடங்கு மேல்.

கண்டிப்பான விதி ஒன்று உண்டு. ஒரே கல்லை இருவர் தனித்தனியாக வாசிக்கவேண்டும். எழுதி மடித்த பிறகுதான் வாய் திறக்கலாம். வேதமுத்துவின் கூட்டாளி கோமதிசங்கர், கருவூலத்தில் அதிகாரியாக இருந்தவர். நெற்றி நிறைய திருநீறு பூசாமல் கிறிஸ்தவக் கல்லறைக்குள்கூட நுழையமாட்டார்.

வேதமுத்துவுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, பிப்ரவரி இருபத்தொன்பதில் பிறந்தது. "நாலு வருசத்துக்கு ஒருக்கதான் வயசு கூடும். எனக்கு இப்பத்தான்வே பதினெட்டு" என்று யாரைப் பார்த்தாலும் ஆரம்பித்துவிடுவார். மற்றது, வீட்டுக்கு மூத்த ஆண்பிள்ளை என்பது. தம்பிகளுக்குப் பெண் பார்த்தது, அப்பாவைத் திசையன்விளையில் அடக்கம் செய்தது, எல்லாம் அவர் தலையில்தான். வட்டத்தில் ஒரு நாற்காலி ஆடினாலும், "மூத்தவன் நான் இருக்கேன்லா" என்று எழுந்து வந்துவிடுவார்.

அன்றைக்கு வேலிப்பக்கம் செடி மூடிக்கிடந்தது ஒரு சின்னக் கல். ஒரு முழம்கூட இராது. கண்ணாடியைச் சாய்த்தார். 'வேதமுத்து' என்று எழுந்தது. "என் பேருகாரப் பய" என்று சிரித்தார். அடுத்த வரி, 'ஞானசிகாமணி உபாத்தியாயர் மகன்'. சிரிப்பு நின்றது. அது அவருடைய அப்பா பெயர். அதற்கும் கீழே, பிறப்பு 1952 பிப்ரவரி 29. இறப்பு மறுவருஷம் நவம்பர்.

தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. எப்படியோ துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்தார். தான் செத்த தேதியைத் தானே வாசித்தவர் இந்த உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? "நீரு வாசியும்வே. நான் தப்பா வாசிச்சிட்டேன்" என்றார். தன் வாசிப்பு தப்பாக இருக்கவேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. கோமதிசங்கர் வாசித்து, எழுதி, மடித்து நீட்டினார். இரண்டு துண்டையும் பிரித்தார்கள். ஓர் எழுத்து வித்தியாசம் இல்லை.

அங்கிருந்து நேரே சமாதானபுரத்தில் இருக்கும் அக்கா கெசியாவின் வீட்டுக்குப் போனார். அக்காவுக்கு எண்பதை நெருங்குகிறது. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எக்கா, எனக்கு முன்னால ஒரு பய பொறந்தானா?"

கத்தி நின்றது. "யாருல சொன்னா?"

"கல்லுல எழுதியிருக்கு."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "காய்ச்சல்ல போயிட்டான். மறுவருசம் அடைமழையில நீ பொறந்த. ஒன்னையக் கையில வாங்குனதும் அம்மை, 'எம்பிள்ள திரும்ப வந்துட்டான்'னுட்டா. அந்தப் பேரத்தான் கூப்பிட்டா. பள்ளிக்கூடத்துல சேக்கயில அப்பா அவன் ஞானஸ்நானச் சீட்டையே குடுத்துட்டாவ. இந்தக் கல்லறை கண்ணுல படக்கூடாதுன்னுதான் திசையன்விளைக்கு மாத்தல் கேட்டு வாங்குனதும்."

"அப்ப நான் என்னைக்குக்கா பொறந்தேன்?"

"மழ பெஞ்சுது. அவ்வளவுதான் தெரியும். நானே சின்னப் பிள்ளல்லா."

வகுப்பிலேயே தான்தான் குள்ளமாக இருந்தது ஏன் என்று இந்த வயதில் விளங்கியது. இரண்டு வருஷம் முன்னதாகவே வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் விளங்கியது. அதெல்லாம் போகட்டும். அம்மா கொஞ்சியது யாரை? 'வேதமுத்து' என்று அவள் சாகும்போது கூப்பிட்டாளே, அது யாரை? செத்துப்போனவள் மேல் கோபம் வந்தது. கோபம் வந்ததற்காக அழுகையும் வந்தது.

அடுத்த சனிக்கிழமை இருவரும் மறுபடி அந்தக் கல்லடியில் உட்கார்ந்தார்கள்.

"இதை விட்டுருவோம்வே. ஒரு கல்லு கொறஞ்சா ஆராய்ச்சி கெட்டா போவும்?" என்றார் கோமதிசங்கர்.

"கெட்டுத்தான் போவும். செத்த பிள்ளயளக் கணக்கெடுக்கத்தான வந்தோம். இவனை எங்க வீட்டுலயே யாரும் எண்ணல்ல. நாமளாவது எண்ணுவோம். எழுதும்."

கோமதிசங்கர் பெயரையும் தேதிகளையும் எழுதிக்கொண்டார். பிறகு, எல்லாக் கல்லுக்கும் கேட்கிற கடைசிக் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சொந்தக்காரங்க யாரும் உசுரோட இருக்காங்களா?"

"தம்பி இருக்கான்."

அதை எழுதிவிட்டு, பழக்கதோஷத்தில், "தம்பி பேரு?" என்று கேட்டுவிட்டார்.

வேதமுத்து கையை நீட்டி, உள்ளங்கையால் கல்லில் இருந்த பெயரை மூடினார். குழந்தையின் தலையில் வைத்ததுபோல் அந்தக் கை அங்கேயே இருந்தது.