நோம்பி சாட்டிய ஊரில் சுட்ட கறி விருந்து

பேறுகால ஆஸ்பத்திரியின் பணியாளர் பதிவேட்டில் அவளைப் பற்றி இப்படி எழுதியிருந்தது: "பாவாயி, க/பெ. சின்னண்ணன். வயது 44. பகுதி நேரப் பணியாளர், தற்காலிகம். பணி: வளாகம் கூட்டுதல், தண்ணீர் பிடித்து வைத்தல். நடத்தை: அடக்கமானவர். மேலதிகாரிகளின் உத்தரவின்றித் தன்னிச்சையாக எதிலும் ஈடுபடாதவர்."

இதை எழுதிய குமாஸ்தா பொய் சொல்லுகிறவர் இல்லை. அவர் வேறு ஊரில் உட்கார்ந்து எழுதினார், பாவாயியைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அவளுடைய பகுதி நேரம் விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கி, கடைசிப் பிள்ளை பிறந்து முடிகிறவரை நீளும். தற்காலிகம் பதினேழாவது வருஷமாக நடந்துகொண்டிருந்தது. அடக்கத்தைப் பொறுத்தவரை, பிரசவ அறையில் அவள் "முக்கு அம்மிணி" என்று ஒரு சத்தம் போட்டால் பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிறவனும் தன்னையறியாமல் முக்குவான் என்று ஊரில் சொல்லுவார்கள்.

குமாரபாளையத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போகிற வழியில், தறிகளும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடுகளுமாகக் கிடக்கிற ஊர் அது. 1982இல் அங்கே மின்வெட்டு எப்போது என்று யாரும் கடிகாரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. தறிச் சத்தம் நின்றால் கரண்டு போயிற்று. ஊர் திடீரென்று செவிடானது போல் இருக்கும். அந்த மாசி மாதத்தில் ஒருநாள் அப்படித் தறி நின்றபோது ஆஸ்பத்திரி மேஜையில் ஒரு பெண் பாதிப் பிரசவத்தில் இருந்தாள். டாக்டர் சௌந்திரம் பிள்ளையை எடுத்துத் தையல் போட, பாவாயி ஒரு கையில் அரிக்கேன் விளக்கையும் இன்னொரு கையில் அந்தப் பெண்ணின் காலையும் பிடித்துக்கொண்டு நின்றாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். தையலில் இரண்டு தப்பான இடத்தில் விழுந்ததாக டாக்டரே சொன்னார்.

அன்றிலிருந்து பாவாயிக்கு ஒரே பேச்சுத்தான். "ஒரு ஜெனரேட்டர் வேணுமுங்க." காய்கறிக்காரனிடமும் சொன்னாள், கலெக்டர் ஆபீசிலிருந்து தடுப்பூசிக் கணக்கு எடுக்க வந்தவரிடமும் சொன்னாள். வந்தவர் அதையும் குறித்துக்கொண்டு போனார்.

கடைசியில் அது ஊர் நற்பணி மன்றத்தின் காதில் விழுந்தது. மன்றம் என்பது ஐந்து பேர். செயலாளர் மருதாசலம், பதினாறு தறிக்குச் சொந்தக்காரர். துண்டு வியாபாரமாக பெங்களூர் போனபோது ஒரு ஓட்டல் தோட்டத்தில் அவர் ஒரு காட்சி கண்டார். பணம் படைத்தவர்கள், வீட்டில் நல்ல சமையற்காரர்களை வைத்துக்கொண்டு, வெட்டவெளியில் கரி அடுப்பில் இறைச்சியை வாட்டி, நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே தின்று, பக்கத்தில் நாலு பேர் பாடுவதைக் கேட்டார்கள். அதற்குக் காசும் கொடுத்தார்கள். அதற்குப் பெயர் பார்பிக்யூ. இவ்வளவு அசௌகரியத்துக்குக் காசு கொடுப்பவர்கள் நல்ல காரியத்துக்கும் கொடுப்பார்கள் என்று மருதாசலம் முடிவு கட்டினார். டீசல் பீப்பாய்களை நெடுக்கில் பிளந்து எட்டு அடுப்பு செய்யச் சொன்னார். மேலே கம்பிச் சட்டம். கறிக்கடை மாதையனிடம் பன்னிரண்டு ஆடு சொல்லிவைத்தார். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து அருணகிரி என்பவரின் மெல்லிசைக் குழுவை ஏற்பாடு செய்தார். சித்திரை மாதம் மூன்றாவது ஞாயிறு, பள்ளிக்கூட மைதானம். "மாபெரும் கோடை விழா. சுட்ட கறி விருந்தும் மெல்லிசைக் கச்சேரியும். பேறுகால ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் நிதிக்காக" என்று டிக்கெட்டு அச்சடித்தார்கள்.

எண்ணூறு டிக்கெட்டில் பாதிக்கு மேல் விற்றது பாவாயிதான். அவள் விற்ற முறை பெங்களூரில் கிடையாது. வீட்டு வாசலில் நின்று, முற்றத்தில் ஓடுகிற பிள்ளையைக் கூப்பிட்டு, "இவன வெளிய எடுக்கறப்ப கால்தான் முன்னால வந்துது, நெனப்பிருக்குதா?" என்பாள். நினைவில்லாத தாய் உண்டா? டிக்கெட்டு வாங்கிவிடுவார்கள்.

இப்போது, இதில் நடந்த தப்பைச் சொல்ல வேண்டும்.

விழாவுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை மாலை மாரியம்மன் கோயிலில் கமிட்டி கூடியது. நெசவாளர் தெருவில் நாலைந்து பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்தது. இந்த வருஷம் நோம்பியை, அதாவது அம்மன் திருவிழாவை, வைகாசிக்குத் தள்ளாமல் உடனே அறிவித்துச் சாட்டிவிடுவது என்று ஏகமனதாக முடிவானது. நோம்பி சாட்டிவிட்டால் பதினைந்து நாளைக்கு ஊருக்குள் கறி கிடையாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. இது ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கோயில் கமிட்டி என்பதும் ஐந்து பேர். அதே ஐந்து பேர். மன்றத்துக்குச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள், கோயிலுக்கு மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வருவார்கள். விருந்து சம்பந்தமான யோசனையெல்லாம் சட்டையோடு வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. "சாட்டிப்போடலாமுங்க" என்று இரண்டாவதாகச் சொன்னவர் மருதாசலம்.

தப்பட்டைக்காரர் தெருத் தெருவாக அடித்துச் சொல்லிக்கொண்டு போனார். மருதாசலம் பக்தியோடு வீட்டுக்கு நடந்தார். பாதி வழியில், சுவரில், தம் பெயர் போட்ட சுட்ட கறி விருந்து நோட்டீஸைப் பார்த்து நின்றுவிட்டார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் முதல் ஆளாக வந்து நின்றவள் தறிக்காரர் தெருக் கண்ணாத்தாள். கையில் ஐந்து டிக்கெட்டு.

"ஏ பாவாயி, இத நீயே வெச்சுக்க. எம்பட காசக் குடு."

"எதுக்கு?"

"எதுக்கா? நோம்பி சாட்டியிருக்குது, நீ கறி தின்னக் கூப்புடற. அம்மா கண்ணக் குத்திப்போடுவா."

"உன்ற மகளுக்கு எப்ப நாளு?"

"வைகாசி கடைசி. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அன்னிக்குக் கரண்டு இருக்குமான்னு அம்மாகிட்டயே கேட்டுட்டு வா. இருக்கும்ன்னா காசத் தாரேன்."

கண்ணாத்தாள் டிக்கெட்டை மடியில் சொருகிக்கொண்டு, "சோறு என்னன்னு ஞாயித்துக்கெழமை வந்து பாக்கறேன்" என்று போனாள். அதற்குள் அவளுக்குப் பின்னால் பதினோரு பேர் நின்றார்கள். எல்லாருக்கும் வைகாசியில் பிரசவம் இல்லை. பாவாயி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு மருதாசலத்தின் தறிப்பட்டறைக்கு நடந்தாள்.

அவர் எட்டு பீப்பாய் அடுப்புக்கு நடுவில், துக்க வீட்டுக்காரர் போல உட்கார்ந்திருந்தார்.

"ஒத்திப் போட்டுப்போடலாம் ஆயா. பாட்டுக்காரங்களுக்கு ஆவணிலதான் நாள் இருக்குதாம். ஆவணில வெச்சுக்குவோம்."

"ஆவணி வரைக்கும் எத்தன பேறுன்னு தெரியுங்களா? முப்பத்தி நாலு. எல்லாம் எனக்கு மனசுல இருக்குது. அத்தனைக்கும் நான் அரிக்கேன் புடிக்கறதுங்களா?"

"அதுக்கு நானென்ன பண்ணட்டும்? அம்மா கறி ஆகாதுங்கறா."

"கறியத்தானுங்க ஆகாதுங்கறா. நெருப்ப ஆகாதுன்னாளா?"

மருதாசலம் நிமிர்ந்து பார்த்தார்.

"குச்சிக்கெழங்கு சுடலாமுங்க. கடலக்கா சுடலாம். சின்ன வெங்காயம், பச்சமொளகா, புளி, உப்பு, எல்லாம் பச்சையா ஆட்டுக்கல்லுல ஆட்டிக்கலாம். எண்ண வேண்டியதில்ல, தாளிப்பு வேண்டியதில்ல."

"கெழங்கா? சேலத்துல இருந்து பெரிய மனுசங்களக் கூப்புட்டுப்போட்டுக் கெழங்கா போடறது?"

"பெரிய மனுசங்களுக்குக் கெழங்கு எறங்காதுங்களா?"

இதற்குக் கோயில் கமிட்டியின் சம்மதம் வேண்டும் என்றார் மருதாசலம். தமக்குத் தாமே சம்மதம் கொடுத்துக்கொள்ள அந்த ஐந்து பேருக்கும் ஒரு முழு நாள் பிடித்தது.

கிழங்கு கொடுத்தது விவசாயி மணியன். கடைசி வெட்டு, இரண்டு வண்டி, இனாமாக. அவருடைய மூன்று பெண்கள் பிறந்தபோதும் பாவாயி கூட இருந்தாள். நான்காவதற்கும் அவள் தேவைப்படுவாள் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். கடலைக்காயும் அவர் காட்டிலிருந்தே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மருதாசலம் தம் பீப்பாய் அடுப்புகளை வரிசையாக நிறுத்தி, கம்பிச் சட்டத்தில் நாலு கிழங்கை வைத்துக் காட்டினார். கால் மணியில் தோல் கரியானது. பிளந்தால் உள்ளே சுண்ணாம்புக் கட்டி மாதிரி பச்சையாக இருந்தது.

"இதுல கடலக்காய வறுங்க" என்று சொல்லிவிட்டு, பாவாயி மைதானத்தின் ஓரத்தில் மூன்று நீளக் குழிகளுக்குக் கோடு கிழித்தாள். நற்பணி மன்றத்தார் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழி வெட்டினார்கள். இதற்கு முன் அவர்கள் செய்த நற்பணிகளில் வியர்வை வந்ததாகத் தகவல் இல்லை. குழியில் புளியங்கட்டையும் கொட்டாங்குச்சியும் எரித்துத் தணலாக்கி, தோலோடு கிழங்கைப் பரப்பி, மேலே சாம்பல், அதன்மேல் நனைத்த சாக்கு, அதன்மேல் மண். ஒன்றரை மணி நேரம் தொடக் கூடாது.

மருதாசலத்தால் பத்து நிமிஷம்கூடத் தாங்க முடியவில்லை. முதல் குழியின் ஓரத்தில் மண்ணைத் தள்ளி, சாக்கைத் தூக்கி எட்டிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். மூன்றாம் முறை பாவாயி பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க சாமி, வலி வந்த பொம்பளைய நிமிசத்துக்கொருக்கா எட்டிப் பாத்தா சீக்கரமாப் பொறந்துருமா?"

"வெந்துதான்னு பாத்தேன்."

"ஆம்பளைங்க எல்லாம் வராண்டாவுல நில்லுங்க. ஆனதும் சொல்லி உடறேன்."

மைதானத்தில் வராண்டா இல்லை. இருந்தாலும் ஐந்து பேரும் பள்ளிக்கூடக் கட்டடம் வரை நடந்து போய், அதன் வராண்டாவில் நின்றார்கள்.

நாலு மணிக்கு அருணகிரியின் வேன் வந்தது. கரண்டை நம்பிப் பாட முடியாது என்பதால் குழுவினர் சொந்தமாக ஒரு ஜெனரேட்டர் கொண்டுவந்திருந்தார்கள். பாவாயி கையைத் துடைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இது மணிக்கு எத்தன எண்ண குடிக்குமுங்க?"

"ஆயா, நீங்க பாட்டக் கேளுங்க" என்றார் அருணகிரி.

"கேக்கறனுங்க. இது நின்னுபோனா உங்க பாட்டு எங்க இருந்துங்க வரும்?"

அருணகிரி அரை மணி நேரம் அவளுக்கு அதைப் போடவும் நிறுத்தவும் காட்டிக்கொடுத்தார். அன்று அவர் நடத்திய கச்சேரியில் மிகக் கவனமாகக் கேட்கப்பட்ட பகுதி அதுதான்.

ஐந்தரை மணிக்குப் பாட்டு ஆரம்பித்தது. எட்டு மணிக்கு, நோம்பிக்குக் கோயிலில் நட்ட கம்பத்தைச் சுற்றி ஆட இளவட்டங்கள் போயாக வேண்டும். அதற்குள் முடிக்கச் சொல்லியிருந்தார்கள். சாம்பல் குழிப் புகை மேடைப் பக்கம் திரும்பியது. பாடகர் உச்ச ஸ்தாயியில் இருமினார். அதை ஒரு சங்கதி என்று நினைத்து முன்வரிசையில் கைதட்டினார்கள். பிறகு அவர் அந்த இடம் வந்தபோதெல்லாம் வேண்டுமென்றே இருமினார். கைதட்டு ஒருமுறையும் குறையவில்லை. மாதையன் முன்பே ஓட்டி வந்திருந்த பன்னிரண்டு ஆடுகளும் பள்ளிக்கூடச் சுவரோரம் கட்டப்பட்டுக் கிடந்து கச்சேரியை முழுசாகக் கேட்டன. மாதையனுக்கு வருத்தமே இல்லை. நோம்பி முடிகிற மறுநாளுக்கு அத்தனையும் பேசி முடித்துவிட்டார்.

முதல் குழியைத் திறந்தபோது அதில் பாதிதான் வெந்திருந்தது. மருதாசலம் எட்டிப் பார்த்த பாதி வேகவில்லை. பாவாயி முகம் ஒரு நிமிஷம் சுண்டியது. வரிசையில் ஏற்கனவே நூறு பேர் நின்றார்கள். இரண்டாவது குழியைத் திறக்கச் சொன்னாள். ஒரு கிழங்கை எடுத்து, தட்டிச் சாம்பலை உதிர்த்து, இரண்டாகப் பிளந்தாள். ஆவி பறந்தது. உள்ளே மாவு மாவாக, வெள்ளை வெளேரென்று மலர்ந்திருந்தது. வெங்காயத் துவையலைத் தொட்டு வரிசையின் முதல் ஆளிடம் நீட்டினாள்.

முதல் ஆள் கண்ணாத்தாள். ஐந்து டிக்கெட்டுக்கு ஏழு பேரைக் கூட்டி வந்திருந்தாள். நிறைமாத மகளும் இருந்தாள். ஒரு வாய் தின்றுவிட்டு, மூக்கை உறிஞ்சி, "மொளகா சாஸ்தி" என்றாள்.

"காசத் திருப்பித் தரட்டுமா?"

"அதெதுக்கு இப்ப? இன்னொரு துண்டு வையி."

சேலத்துப் பெரிய மனுஷர்கள் நின்றுகொண்டே தின்றார்கள், பெங்களூரில் மருதாசலம் பார்த்தது போலவே. ஒரு பெரியவர் இதைச் செய்வது எப்படி என்று மருதாசலத்திடம் விசாரித்தார். "ஒண்ணரை மணி நேரம் தொடவே கூடாதுங்க. அவசரப்பட்டா கெட்டுப்போயிரும்" என்று மருதாசலம் அனுபவஸ்தராக விளக்கினார். வேகாத பாதிக்கு மறுபடி தணல் போட்டு மூடியாயிற்று. இந்த முறை அதன் பக்கம் மன்றத்தார் ஒருவரும் போகவில்லை.

ஏழு மணிக்கு நன்றியுரை. டாக்டர் சௌந்திரம் மைக்கைப் பிடித்து, "பாவாயி மேடைக்கு வரணும்" என்றார். மைக் இல்லாமலே பதில் வந்தது: "மூணாங்குழி தொறக்கோணுமுங்க. அப்பறம் வாரேன்." குழியைத் திறந்தாள், மேடைக்கு வரவில்லை. ஐந்து பேருக்கும் மாலை போட்டு நேரத்தை நிரப்பினார்கள்.

ஜெனரேட்டர் வைகாசி முதல் வாரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்தது. அதைப் போடவும் நிறுத்தவும் தெரிந்த ஒரே ஆள் பாவாயிதான் என்று அப்போது தெரிய வந்தது. கொட்டகைச் சுவரில் கல்வெட்டு வைத்தார்கள். நன்கொடையாளர் என்று மன்றத்தார் ஐவரின் பெயரும், கடைசியில் "மற்றும் பொதுமக்கள்" என்றும் அதில் இருக்கிறது. கண்ணாத்தாளின் மகளுக்கு அந்த மாதம் கடைசியில், தறிகள் நின்றிருந்த ஒரு பகல் வேளையில், நல்ல வெளிச்சத்தில் ஆண் குழந்தை பிறந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாவாயி மூன்று குழிகளில் கிழங்கு சுட்டு எண்ணூறு பேருக்குக் கொடுத்தாள். விற்ற டிக்கெட்டில் ஒன்றையும் திரும்ப வாங்கவில்லை.