அழுதது மஞ்சள் பாக்கெட்டுக்கு

சென்ற ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த கையோடு, கீழ்வீட்டு ஜெனிஃபர் ஒரு பெரிய பையை என் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே முழுக்க சாம்பார் பொடி. எல்லாம் மஞ்சள் பாக்கெட். நான் தனியாக இருப்பவள். இத்தனை பொடிக்கு நான் எங்கள் ஏரியா காக்ஸ் டவுனுக்கே விருந்து வைக்க வேண்டும்.

இந்தப் பை எப்படி வந்தது என்று கேட்டால், ஒரு இன்டர்வியூ கதை சொல்ல வேண்டியிருக்கும்.

ஜெனிஃபர் வேலை பார்த்த கம்பெனி போன வருஷம் பெங்களூரைக் காலி செய்துகொண்டு போய்விட்டது. அவளை மட்டும் விட்டுவிட்டது. அதன் பிறகு எத்தனையோ இடத்துக்கு அப்ளிகேஷன் போட்டாள். இப்போதெல்லாம் முதல் ரவுண்டில் மனிதர்களே கிடையாது. போன் கேமராவைப் பார்த்து நாமாகப் பேச வேண்டும். ஒரு தடவை "குட் மார்னிங் சார்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள். காத்திருந்த நேரத்திலேயே நேரம் முடிந்துவிட்டது. மரியாதை தெரிந்த பெண்... அந்த டெஸ்ட்டில் மரியாதைக்கு மார்க் இல்லை.

"இனியும் ஒண்ணும் கிடைக்கலன்னா ஓசூர்ல அண்ணன் கடையில பில் போட குந்த வேண்டியதுதான் ஆன்ட்டி. அண்ணி முன்னாடி போய் வேலைக்கு நிக்கணும். அதுக்கு நான் சும்மாவே இருக்கலாம்" என்றாள். கண் கலங்கித்தான் சொன்னாள். எனக்கும் கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் ஒரு மசாலா கம்பெனியிலிருந்து நேரில் வரச் சொன்னார்கள். பெயர் வேண்டாம். சிவப்பு பாக்கெட் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். டீலர்களோடு போனில் பேசும் வேலை.

"அவங்க விளம்பரத்தை எல்லாம் நல்லா பார்த்துட்டுப் போம்மா. கண்டிப்பா கேப்பாங்க" என்று சொன்னது நான்.

அன்றிலிருந்து கீழ்வீட்டில் உலகம் தலைகீழானது. சீரியல் ஓடும்போது எல்லோரும் பேசிக்கொண்டிருப்பார்கள். விளம்பரம் வந்ததும் அவள் மாமியார் லூர்து மேரியம்மா அதட்டுவார்:

"ஏய், சாக்கு, போதும்! சும்மா குந்துங்க எல்லாரும். அட்வர்டைஸ்மென்ட் வருது!"

இந்த இடத்தில் எங்கள் ஊர் டிவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் தமிழும் ஓடும், கன்னடமும் ஓடும். லூர்து மேரியம்மாவுக்குத் தமிழ் சீரியல், மகனுக்குக் கன்னட நியூஸ், ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் ராஜ்யம். தமிழ் சேனலில், அம்மா வேஷத்துக்கே பிறந்த ஒரு நடிகை கையில் கரண்டியோடு ஆடுவார். அது சிவப்பு பாக்கெட். கன்னட சேனலில் அதே நடிகை, அதே மாதிரி புடவை... ஆனால் அழ வைப்பார். மகள் கல்யாணமாகிப் போன மறுநாள், பழக்க தோஷத்தில் அவளுக்கும் ஒரு தட்டு வைத்துவிடுவார். அப்பா தன் இடத்தை விட்டு எழுந்து வந்து, அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவார். அவ்வளவுதான் விளம்பரம். பாக்கெட் கடைசியில் ஒரு நொடி வரும். அதற்குள் நம் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிடும். யாருக்குத் தெரிகிறது அது சிவப்பா, மஞ்சளா என்று?

மஞ்சள்.

இன்டர்வியூவில் நான் சொன்ன கேள்வியையே கேட்டார்கள். ஜெனிஃபர் உருகிவிட்டாள். தட்டு, அப்பா, சாம்பார் — ஒன்றும் விடவில்லை. நடுவில் அழுதும் விட்டாள். எதிரே இருந்த அதிகாரி அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். பக்கத்தில் இருந்த மேனேஜர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"ரொம்ப நல்லா சொன்னீங்கம்மா. ஆனா அது எங்க விளம்பரம் இல்ல."

"அதே அம்மாதானே சார்?"

"தமிழ்ல எங்களுக்கு. கன்னடத்துல அவங்களுக்கு."

பெண் பார்க்கப் போன வீட்டில் உட்கார்ந்துகொண்டு, எதிர்வீட்டுப் பெண்ணைப் புகழ்ந்த மாதிரி ஆகிவிட்டது.

"வீட்ல நாங்க உங்க பொடிதான் சார் போடுறோம். கல்யாணம் ஆனதுல இருந்து!" என்று கடைசியாக ஒரு முயற்சி செய்திருக்கிறாள். அது சத்தியமான உண்மை. ஆனால் அந்த அறையில் அப்போது உண்மைக்கு மார்க்கெட் இல்லை. "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை.

கம்பெனிகள் கோடி கோடியாகக் கொட்டி நம்மை அழ வைக்கின்றன. நாமும் மனசார அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைக்காரர் எது எடுத்துக் கொடுக்கிறாரோ அதை வாங்கி வருகிறோம். இது தெரிந்தால் எந்தக் கம்பெனிக்குத்தான் தாங்கும்?

மேரியம்மா விடவில்லை. "அவங்களுக்காக அழுதுதானே வேல போச்சு? அவங்களையே கேளேன்" என்றார். கேலியாகத்தான் சொன்னார். இவள் நிஜமாகவே மஞ்சள் பாக்கெட் கம்பெனிக்கு அப்ளிகேஷன் போட்டுவிட்டாள். ஆனேக்கல் பக்கம் ஆபீஸ். கூப்பிட்டார்கள்.

"இதுக்கு முன்னாடி எங்கயாவது இன்டர்வியூ போனீங்களா?"

"சிவப்பு பாக்கெட்டுக்குப் போனேன் சார். எடுக்கல."

"ஏன்?"

"உங்க விளம்பரத்தைப் புகழ்ந்துட்டேன் சார்."

கேட்டவர் எழுந்து போய், பக்கத்து அறையிலிருந்து விளம்பரப் பிரிவின் தலைவரையே கூட்டி வந்தார். "அங்க சொன்னதை இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா" என்றார். சொன்னாள். இந்த முறையும் அழுதாள் — சரியான கட்டிடத்தில். ஆர்டர் கையோடு கிடைத்துவிட்டது. வீட்டில் என்ன பொடி என்று யாரும் கேட்கவில்லை. மாதா காப்பாற்றினாள் என்கிறாள்.

இப்போது தினமும் ஓசூர் பஸ்ஸில்தான் ஏறுகிறாள். ஆனால் சந்தாபுராவில் இறங்கி ஆனேக்கலுக்கு மாறிவிடுகிறாள். அண்ணன் கடை வரை போவதில்லை. அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

சேர்ந்த முதல் நாளே ஒரு பை நிறைய மஞ்சள் பாக்கெட் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மேரியம்மா ஒரே ஒரு நாள் அதில் சாம்பார் வைத்தார். ஒரு வாய் சாப்பிட்டார். பையை மடித்துக் கட்டினார்.

"அட்வர்டைஸ்மென்ட் பாத்து அழுவலாம்டி. சாம்பார் துன்னுட்டு அழுவக் கூடாது. மேல்வீட்டு ஆன்ட்டிக்குக் குடுத்துடு."

நானும் வைத்துப் பார்த்தேன். மேரியம்மா சொன்னது சரி.

கீழ்வீட்டில் பழையபடி சிவப்புப் பொடிதான். ஜெனிஃபர் தினமும் அந்தச் சாம்பாரை டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு மஞ்சள் கம்பெனிக்குப் போகிறாள். கேமரா டெஸ்ட், கம்ப்யூட்டர் டெஸ்ட், நேர்முகத் தேர்வு என்று எத்தனை வைத்து ஆளை எடுத்தாலும், டிபன் பாக்ஸை முகர்ந்து பார்க்கும் டெஸ்ட்டை எந்தக் கம்பெனியும் இன்னும் வைக்கவில்லை!