வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிக்குப் புதன்கிழமை வந்த பாராட்டு

"நேயர் கடிதம், வரிசை எண் 37. பெட்டி: ஐயப்பன்தாங்கல் டீக்கடை. எடுத்த நேரம்: புதன், காலை 9.20. பாராட்டப்படும் நிகழ்ச்சி: வெள்ளிக்கிழமை ஒலிபரப்பு. குறிப்பு: நிகழ்ச்சி இன்னும் ஒலிபரப்பாகவில்லை."

என் நோட்டில் உள்ள பதிவு இது. தேதியும் வருடமும்கூட இருக்கின்றன. சம்பந்தப்பட்ட இருவரும் வேண்டாம் என்றதால் இங்கே எழுதவில்லை. கொரோனா ஓய்ந்து ஊர் பழையபடி ஓடத் தொடங்கிய பிறகு நடந்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஆவணப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், ஆவடி–பூந்தமல்லி சாலையில் ஒரு கல்லூரி வளாகத்தில் இயங்கும் சமுதாய வானொலியில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். சின்ன நிலையம். நிர்வாகி அம்மாவுக்கு ஒரு பழக்கம். வாட்ஸ்அப்பில் வரும் பாராட்டுகளை நம்பமாட்டார். கையால் எழுதிப் போடுகிறவர்தான் உண்மையான நேயர் என்பார். அதற்காக சேக்காட்டில் ஒரு மருந்துக்கடையிலும் கள்ளிக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையிலும் ஐயப்பன்தாங்கலில் ஒரு டீக்கடையிலும் தகரப்பெட்டி மாட்டியிருந்தார். புதன்தோறும் ஸ்கூட்டரில் போய்க் கடிதங்களை எடுத்து வந்து, எண் போட்டு, நோட்டில் ஏற்றி, தொகுப்பாளர்களுக்குப் படிக்கக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைப்பது என் வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கடிதங்களைப் பார்த்துத்தான் எந்த நிகழ்ச்சி தொடரும், எது நிற்கும் என்று முடிவாகும்.

அந்தப் புதன்கிழமை முடிவெடுக்கும் நாள். பேச்சு முழுக்க ஒரு நிகழ்ச்சியைப் பற்றித்தான். நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருவர் அதை நடத்தினார். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு மைக் முன்னால் வந்து உட்கார்ந்தவர். ஷேர் ஆட்டோ ஓட்டும் அம்மா, தையல்காரர், பள்ளிக்கூட வாட்ச்மேன் என்று அக்கம்பக்கத்து மனிதர்களோடு அரை மணி நேரம் பேசுவார். நிகழ்ச்சி நின்றுவிட்டால் ஊருக்குத் திரும்பிவிடுவதாக அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். இது நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும்.

37ஆம் எண் கடிதத்தைப் பிரித்தபோது எனக்கு ஒரு வேட்டைக்காரனின் மகிழ்ச்சி வந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஷேர் ஆட்டோ அம்மாவோடு பேசும்போது தொகுப்பாளர் சிரித்த சிரிப்பு அருமை என்று எழுதியிருந்தது. திங்களன்று பதிவான நிகழ்ச்சி அது, வெள்ளியன்றுதான் ஒலிபரப்பு. புதன் காலைக்குள் அதை எந்த நேயர் கேட்டிருக்க முடியும்? பழைய கடிதங்களைப் புரட்டினேன். அதே அச்சு மாதிரியான எழுத்தில், அதே டீக்கடைப் பெட்டியிலிருந்து இன்னும் பத்து. தொகுப்பாளர் குடியிருந்தது அந்த டீக்கடைக்கு எதிர் ஃப்ளாட்டில். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நான் செய்திருக்க வேண்டியது, அவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்பது. செய்தது, கூட்டத்தில் எழுந்து நின்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நோட்டிலிருந்து வாசித்தது. "இந்தப் பதினொரு கடிதங்களும் நிலையத்துக்குள்ளிருந்தே எழுதப்பட்டவை. எழுதியவருக்கு இதனால் நன்மை உண்டு" என்று முடித்தேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் யாரைப் பார்க்க வேண்டுமோ அவரைப் பார்த்தார்கள்.

அவர் முகம் வெளுத்தது. "எனக்க நிகழ்ச்சிக்கு நானே கடிதம் எழுதுவேன்னு நெனச்சியளா சார்?" என்றார். நோட்டில் விரல் வைத்தபடி நின்றேன்.

அப்போது கதவோரம் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்த ஒலிப்பதிவாளர் எழுந்தார். கள்ளிக்குப்பத்து இளைஞர். ரெக்கார்டிங்கில் குறை இருந்தால் தவிர வாயே திறக்காதவர்.

"நான்தான் மேடம் எய்தினேன். அவுங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

நிர்வாகி அம்மா நிமிர்ந்தார். "நீயா? ஏம்ப்பா?"

"அந்தச் சிரிப்ப டயம் பத்தலன்னு கட் பண்ணச் சொன்னீங்கல்ல. கட் பண்ண மனசு வர்ல மேடம். நேயருக்குப் புட்ச்சிருக்குன்னா நீங்க வுட்ருவீங்கன்னு நென்ச்சேன்."

"உன் வீடு கள்ளிக்குப்பம். கடிதம் எப்படி ஐயப்பன்தாங்கல் பெட்டில வந்தது? அது எதிர்த்திசையாச்சே?"

"சுத்திப் போனா வயிதான் மேடம். இவுங்கள பைக்ல எறக்கி வுட்டுட்டு, அப்டியே ஒரு டீ சாப்ட்டு, பெட்டில போட்டுட்டு வந்துருவேன்."

தான் எதை உளறிவிட்டோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

"தினமும் இறக்கி விடறியா?" என்றார் நிர்வாகி அம்மா.

"தெனமும் இல்ல மேடம். சண்டே லீவு."

முதலில் சிரித்தவர் நிர்வாகி அம்மாதான். பிறகு எல்லோரும். ஒலிப்பதிவாளர் என்னைப் பார்த்து, "இன்னா சார் நீங்க, போலீஸ்ல கீற மாதிரி நாளு கெய்மை எல்லாம் பாத்துக்கினு" என்று தலையைச் சொறிந்தார். தொகுப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. பதினொரு கடிதங்களையும் என் கையிலிருந்து வாங்கி வரிசையாகப் பார்த்தார். "பதினொண்ணுலயும் ஒரு கொறகூட இல்ல. நெஜமான நேயர்னா ஒருதடவையாவது திட்டியிருப்பாவல்லா?" என்று ஒலிப்பதிவாளரைக் கேட்டார். "திட்ட ஒண்ணும் ஆப்டலையே" என்று பதில் வந்தது. அதற்கு மேல் தொகுப்பாளரும் சிரித்துவிட்டார்.

ஆனால் விஷயம் சிரிப்போடு முடியவில்லை. பதினொன்றைக் கழித்தால் மற்ற நிகழ்ச்சிகளைவிடக் கடிதம் குறைவு. நிர்வாகி அம்மா நியாயஸ்தர், விதியை மாற்றமாட்டார். "இன்னும் ஒரு மாசம் தர்றேன். வெளியிலிருந்து கடிதம் வரணும். இல்லன்னா நிறுத்தத்தான் வேணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியை வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். சிரிப்பு வெட்டப்படாமல் முழுசாக வந்தது. முடிவில் தொகுப்பாளர் சொன்னதை உடனே குறித்துக்கொண்டேன்: "இந்த நிகழ்ச்சியை உங்களுக்கு முன்னாலேயே கேட்டுவிட்டுக் கடிதம் போட்ட நேயர் ஒருவர் இருக்கிறார். பெயர் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் பெயரோடு, என்னிடம் கேட்க நினைப்பதையும் நேராகக் கேட்டுவிடலாம்."

அடுத்த புதன்கிழமை மூன்று பெட்டிகளும் திணறிக் கிடந்தன. என் ஸ்கூட்டர் பெட்டி மூடவில்லை. யார் அந்த நேயர், எழுதினாரா, இவர் என்ன பதில் சொன்னார் என்று எல்லாக் கடிதத்திலும் இதே கேள்வி. சேக்காட்டிலிருந்து ஒரு பெண்மணி, பையன் கெட்ட பழக்கம் இல்லாதவனா என்று விசாரித்து எழுதச் சொல்லியிருந்தார். ஒரு சர்ச் பாடகர் குழு, கல்யாணம் என்றால் தாங்களே வந்து பாடித் தருவதாக எழுதியது. திட்டியும் ஒன்று வந்திருந்தது, வானொலி ஊர்க்கதை பேசும் இடமா என்று. தொகுப்பாளர் அதை மட்டும் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டார். நிகழ்ச்சி நிற்கவில்லை.

அந்த வாரமே அவரைத் தனியே பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு ஒண்ணுமில்ல சார். ஆனா அந்த ரெண்டு நிமிஷம் அப்பாகிட்ட என்ன சொல்லதுன்னுதான் யோசிச்சேன்" என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பதினொரு கடிதங்களின் நாளும் நேரமும் என்னிடம் சரியாக இருந்தன. ஆளைப் பற்றி மட்டும் நான் ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் பேசியிருந்தேன். அதன் பிறகு எதில் தவறு தென்பட்டாலும் முதலில் அந்த மனிதரிடம் போய்க் கேட்டுவிட்டுத்தான் நோட்டைத் திறக்கிறேன்.

அவர்கள் கல்யாணத்தில் முதல் வரிசையில் எனக்கு இடம் போட்டிருந்தார்கள். அன்று ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள நினைத்தேன். கடிதங்களை எழுதியது யார் என்று மணப்பெண்ணுக்கு எப்போது தெரியும்? மூன்றாவது கடிதத்திலேயே தெரியும் என்றார் அவர். ஸ்டுடியோ மின்விசிறி சத்தத்தையும் மீறிக் குரல் இனிமை என்று அதில் எழுதியிருந்ததாம், பதிவின்போது ஹெட்போன் போட்டவருக்குத்தான் அந்தச் சத்தம் கேட்குமாம். மாப்பிள்ளையோ, "சும்மா சொல்லுது சார். மீட்டிங்லதான் தெரியும், மூஞ்சப் பாத்தீங்கல்ல" என்றார். மூன்றாவது கடிதத்தைத் தேடினேன். தொகுப்பாளரிடம் போன கட்டிலிருந்து அது மட்டும் திரும்பி வரவில்லை. இரண்டு பதில்களையும் அடுத்தடுத்து எழுதி, 'உறுதி செய்யப்படவில்லை' என்று குறித்து வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் அந்த வார்த்தை என் நோட்டில் இருந்தால் தூக்கம் பிடிக்காது, இப்போது அந்தப் பக்கத்தைத்தான் அடிக்கடி திறந்து பார்க்கிறேன்.