இரண்டு ரியூட் கேட்ட பிள்ளை

நான் லேசில் யாரையும் நம்பமாட்டேன். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் "விளங்கிச்சுது ரீச்சர்" என்றால், ஒருவருக்கும் விளங்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். கிளிநொச்சி நகரில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் ஆங்கில இலக்கியமும் படிப்பிக்கிறேன். பரீட்சை நெருங்கினால் எல்லாவற்றையும் ஒருமுறை மீட்டிவிடுவோம். காலங்கள், நிறுத்தக்குறிகள், சொல்வளம், உவமை, உருவகம், ஒன்றும் மிச்சமில்லை. அதற்கான ரியூட்டை, அதாவது வகுப்பில் கொடுக்கும் குறிப்புத்தாளை, நானே இருந்து எழுதுவேன். இங்கே ரியூசன் படிப்பிக்கிறவர்களுக்கு அதுதான் சொத்து. நல்ல ரியூட் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் பிள்ளைகள் போவார்கள்.

இம்முறை, நிலையத்தை நடத்துகிற கணக்குச் சேர் என்னைப் படியில் மறித்தார்.

"ரீச்சர், எங்கட ரியூட் வெளியால போகுதெண்டு கதை வருது. சந்தைப் பக்கம் புதுசா ஒரு ரியூட்டரி திறந்திருக்கிறாங்கள், பாத்தனீங்களோ? ஆர் குடுக்கிறதெண்டு பிடியுங்கோ. பிடிச்ச அண்டைக்கே ஆளை நிப்பாட்டிப்போடுவன்."

நெருப்பில்லாமல் புகையுமா? எனக்கு உடனே வட்டக்கச்சியிலிருந்து வருகிற பிள்ளையின் நினைவு வந்தது. முன்வாங்கில் இருப்பாள், வாய் திறக்கமாட்டாள். ஆனால் வகுப்பு முடிந்ததும் மேசையடிக்கு வந்து, "ரீச்சர், இன்னொரு ரியூட் தாங்கோ. முந்தித் தந்தது மழையில நனைஞ்சுபோச்சு" என்பாள். மழையா! வயலெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. அடுத்த கிழமை கேட்டபோது தம்பி கிழித்துவிட்டானாம். அதற்கடுத்த கிழமை ஆடு தின்றுவிட்டதாம். வட்டக்கச்சி ஆட்டுக்கும் ஆங்கில இலக்கியத்தில் ஆசை வந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு கொடுத்தேன்.

அன்று அவள் பின்னாலேயே போனேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் நிலையம்வரை போனேன். அவள் வட்டக்கச்சி பஸ்ஸில் ஏறவில்லை. முல்லைத்தீவு பஸ்ஸடிக்குப் போய், நடத்துநரிடம் ஒரு நீள உறையைக் கொடுத்து ஏதோ சொன்னாள். எங்கள் பக்கத்தில் மருந்து, கருவாடு, கலியாணக் காட் எல்லாம் நடத்துநர் கையில்தான் போய்வரும். என் ரியூட்டும் போகிறது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தைப் பக்கத்து ரியூட்டரிக்காரன் முல்லைத்தீவிலும் கடை விரித்துவிட்டான் என்றே முடிவு கட்டினேன்.

ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும். அடுத்த ரியூட்டில் உவமைக்கு உதாரணமாக எல்லோருக்கும் நிலவு போன்ற முகத்தைக் கொடுத்தேன். அவளுக்குக் கொடுத்த இரண்டு தாளில் மட்டும், "மாமாவின் குறட்டை தண்ணீர் இறைக்கிற மிசின் போன்றது" என்று ஆங்கிலத்தில் அடித்துவைத்தேன். இந்தக் குறட்டை எந்த வாயில் கேட்கிறதோ, அங்கேதான் என் ரியூட் போகிறது.

பரீட்சைக்கு முன்னர் ஒரு பாடசாலை மண்டபத்தில் எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளையும் கூட்டிக் கருத்தரங்கு வைத்தார்கள். பேசக் கூப்பிட்டது என்னை. சந்தைப் பக்கத்து ரியூட்டரிப் பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே, "உவமைக்கு ஒரு உதாரணம் சொல்லுங்கோ பாப்பம்" என்று தூண்டிலைப் போட்டேன். பால், பூ, நிலவு என்று வந்தது. குறட்டை வரவில்லை.

கடைசி வரிசையில் ஒரு பிள்ளை எழும்பினாள். வெயிலில் கறுத்த முகம். முல்லைத்தீவுப் பக்கம், முள்ளிவாய்க்காலிலிருந்து விடியப்புறமே பஸ் ஏறி வந்தவளாம். மாமாவின் குறட்டையை ஆங்கிலத்தில் ஒரு பிசகில்லாமல் சொன்னாள். அகப்பட்டாயா!

"இன்னொண்டும் இருக்கு ரீச்சர்," என்று அவளே தொடர்ந்தாள். "எங்கள் ரீச்சரின் கண்கள் சோதனைச்சாவடி போன்றவை."

என் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். எனக்குக் காது சுட்டது.

"எந்த ரீச்சரின்ர கண்?"

"எனக்குத் தெரியாது. எங்கட பள்ளிக்கூடத்தில இங்கிலிஸ் ரீச்சர் மாறிப் போனவா, பிறகு ஒருத்தரும் வரேல்லை. வட்டக்கச்சியில இருக்கிற மச்சாள்தான் ரியூட் அனுப்பி, ஃபோனில சொல்லித் தாறவா. எங்களிட்ட பட்டன் ஃபோன் எண்டபடியால் படம் எடுத்து அனுப்பேலாது. பஸ்ஸில போட்டுவிடுவா."

முன்வரிசை ரியூட்டரிக்காரர்கள் ஒரு பாவமும் அறியாமல் முழித்தார்கள். என் வட்டக்கச்சிப் பிள்ளை தலையை மேசையோடு ஒட்டிவைத்திருந்தாள்.

எல்லோரும் சாப்பாட்டுப் பார்சலுக்கு எழும்பிப் போன பிறகு அவளே வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"சேரிட்டச் சொல்லிப்போடுவீங்களோ ரீச்சர்? என்னை நிப்பாட்டினா ரெண்டு பேருக்கும் ரியூட் இல்லை."

எனக்கு வேறு ஒன்று குத்திக்கொண்டிருந்தது.

"அந்தச் சோதனைச்சாவடி உதாரணம் ஆரின்ர?"

"நான் சொன்னதுதான்."

"நீ எங்க சாவடி கண்டனீ?" என்று சீறினேன். சண்டைக் காலத்தில் ஓமந்தைச் சாவடியில் வெயிலுக்குள் வரிசையில் நின்று, உடுப்புப் பையை மேசையில் கொட்டிக் காட்டியவள் நான். இவள் அதையெல்லாம் கண்டாளா? நாங்கள் பட்ட பாட்டை எடுத்து விளையாடுகிறாளே என்று ஆத்திரமாக இருந்தது.

"நான் காணேல்லை ரீச்சர். அம்மா அடிக்கடி சொல்லுவா. சாவடியில நிண்ட ஆமிக்காரங்கள் ஒண்டும் கேக்காமலே பாப்பாங்களாம், பிழை ஒண்டும் செய்யாட்டிலும் கை நடுங்குமாம். எனக்கு அது விளங்கிறதே இல்லை. உங்களிட்ட ரெண்டாவது ரியூட் கேக்க வந்தாப் பிறகுதான் விளங்கிச்சுது."

கைப்பைக்குள் ஃபோன் அடித்தது. கணக்குச் சேர்தான்.

"என்ன ரீச்சர், ஆள் அம்பிட்டுதோ?"

"இல்லை சேர். எங்கட பிள்ளையளில ஒருத்தரும் இல்லை," என்றேன்.

அதைச் சொல்லும்போது அந்தப் பிள்ளை என் கண்ணைப் பார்க்கக்கூடாது என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.