பூட்டிய ஜிப்பும் பச்சை டிக்கும்

இன்று காலை எங்கள் திருத்தங்கல் அச்சகத்துக்கு ஒரு மெயில். நான் அங்கே காலண்டர் டிசைன் செய்கிறவன்.

"சாமி படங்களும் கடை லோகோவும் இருக்கிறது, அவசர ஆர்டர்" என்று ஒரு ஜிப் ஃபைல். பாஸ்வேர்டையும் மெயிலிலேயே எழுதியிருந்தார்கள்.

ஆன்டிவைரஸில் ஓடவிட்டேன். பச்சை டிக் விழுந்தது. பிரித்தேன்.

டீ குடித்துவிட்டு வருவதற்குள், ஜிப்புக்குள் இருந்த வைரஸ் இந்த சீசனுக்குச் செய்த டிசைன்களை எல்லாம் பூட்டிவிட்டது. பேக்கப் டிஸ்க்கையும் கம்ப்யூட்டரிலேயே மாட்டி வைத்திருந்தேன். அதுவும் போயிற்று.

முதலாளி அண்ணாச்சி வந்து பக்கத்தில் நின்றார்.

"பச்ச டிக் போட்டுச்சுன்னியேலே?"

"போட்டுச்சு அண்ணாச்சி. பாஸ்வேர்டு வச்ச ஜிப்புக்குள்ள அதால பாக்க முடியாது."

"முடியலன்னா முடியலன்னு சொல்லணும்லே. பட்டாசு கம்பெனி கேட்டுல சாப்பாட்டுத் தூக்குவாளியக்கூடத் தொறந்து பாத்துட்டுத்தான் உள்ள விடுறாக. இது என்னத்தப் பாத்து டிக் போட்டுச்சு?"

திரையில் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. மூலையில் அந்த டிக் மட்டும் பச்சையாகவே இருந்தது.

சாயங்காலம் அண்ணாச்சியின் போனுக்கு இன்னொரு மெயில். முன்பின் தெரியாத கடை. ஜிப் ஃபைல், பாஸ்வேர்டு, அவசர ஆர்டர்.

போனை என்னிடம் நீட்டிக் குரல் இறங்கிக் கேட்டார்.

"இது நெசமான ஆர்டரா இருந்துட்டா என்னலே செய்ய?"

அச்சகத்தில் மிஞ்சியிருப்பது பில் போடுகிற கம்ப்யூட்டர் மட்டும்தான். அதிலும் பச்சை டிக் இருக்கிறது.

நீங்களே சொல்லுங்கள், பிரிக்கவா, வேண்டாமா?