ஈரம் வற்றாத வலைகள்

சிஹாருவை நாங்கள் முதலில் பார்த்தது கூட்டுறவுக் கொட்டகையில், நுண்ணோக்கியின் முன்னால். நோரி என்னும் உண்ணும் கடற்பாசியின் வித்து வலையில் ஒட்டிவிட்டதா என்று பார்க்க எங்கள் அரியாக்கே கடற்கரையே வரிசையில் நிற்கும் வாரம் அது. ஆரஞ்சுத் தோட்டத்து வீட்டிலிருந்து மருமகளாக வந்தவள் கண்ணை எடுக்கவே இல்லை. "உள்ளயே குடிபோயிட்டியாம்மா?" என்றார்கள் பின்னால் நின்றவர்கள்.

வலையில் பாசி வளர்ந்த பிறகும் போய்ப் பார்ப்பாள். இலை, தண்டு, வேர் என்ற பிரிவில்லாத ஒரே மெல்லிய விரிப்பு. அதில் சுவரோடு சுவர் ஒட்டிய செல்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் நட்சத்திரமாக விரிந்த, நிறம் தாங்கும் கணிகம்.

அவள் வந்த மூன்றாவது இலையுதிர்காலத்தில் மாமனார் தொகுஜி இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். கணவன் மகியோ படகே கதியென்று கிடந்தான். இளம்பாசி பிடித்த வலைகளில் பாதியைக் கரையேற்றி, உலர்த்தி, உறைய வைக்கும் வேலை சிஹாரு தலையில் விழுந்தது. கடலில் விட்ட பாதி நோயில் போனால் குளிர்காலத்துக்கு இதுதான் கதி. வலைகளைக் காயப்போட்டதும் மேகம் மூடியது. மற்ற வீட்டார் ஈரத்தோடு பையில் கட்டிக்கொண்டு குளிர்கிடங்குக்கு ஓடினார்கள்.

தொகுஜியும் அதையே சொன்னார். மழையில் கிடந்தால் அழுகிவிடும் என்ற அவர் பயம் நியாயமானதுதான். சிஹாரு ஒரு துண்டு வலையை வெட்டி வீட்டு உறைபெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் வைத்தாள். கட்டியானதும் எடுத்துக் கடல்நீரில் இளக்கி, கொட்டகைக்கு ஓடி நுண்ணோக்கியில் பார்த்தாள். பல செல்கள் கிழிந்திருந்தன. உள்ளே இருந்த நீர் பனிக்கட்டியாகிக் குத்தியிருந்தது. நட்சத்திரம் சிதறி, நிறம் வெளியே கசிந்தது.

"மாமா, தண்ணி வத்தாம உள்ள வச்சா நாமளே கொன்ன மாதிரி."

"வெளிய கெடந்து செத்தா?"

"அது என் பொறுப்பு. உங்க மகன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"எங்கிட்டயும் சொல்லலாம். நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்."

கொட்டிலில் நின்ற வண்டியை வெளியே மழையில் நிறுத்திவிட்டு, அங்கே வலைகளைத் தொங்கவிட்டாள். பிறந்த வீட்டிலிருந்து பெரிய மின்விசிறிகள் வந்தன. செல்கள் சுருங்கியும் நட்சத்திரம் முழுசாக நிற்கும் பதம் வந்த பிறகே பையில் கட்டினாள்.

டிசம்பரில் கடலில் இருந்த பாதியை அழுகல் நோய் தின்றது. உறைந்த வலைகள் கடலில் இறங்கின. விசிறிக்கு நேரெதிரே அளவுக்கு மீறிக் காய்ந்தவை வழுக்கையாகவே நின்றன. மற்றவை கருகருவென்று தழைத்தன. ஈரத்தோடு உறைந்த அண்டை வீட்டு வலைகள் பலவற்றில் பாசியே மிஞ்சவில்லை.

தொகுஜி கைத்தடியோடு துறைக்கு வந்து பார்த்தார். "வழுக்கை வலையெல்லாம் உன்னோடது. மத்ததெல்லாம் நம்ம குடும்பத்தோடது."

"சரி மாமா, அந்த வழுக்கைக்கு நானே பொறுப்பு" என்றாள் அவள்.

இப்போது அந்த வீட்டு வலைகள் எப்போது உறையப் போக வேண்டும் என்று சொல்வது சிஹாருதான். பக்கத்துப் படகுக்காரர்களும் அவளைக் கேட்டே பை கட்டுகிறார்கள்.